கர்னல் வுகாஷின் நின்றுகொண்டிருந்த விருந்து

கர்னல் வுகாஷின் லிபோவா ஊரில் எட்டு வருடம் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தார். ஒளிந்திருந்தார் என்று எழுதினால் தப்பு. தன் வீட்டில்தான் இருந்தார், தன் கட்டிலில்தான் படுத்தார், சனிக்கிழமை தோறும் சந்தைக்குப் போய்ச் சிவப்பு மிளகாய்க்குப் பேரம் பேசினார். தெரியவில்லை, அவ்வளவுதான். முடிதிருத்துபவர் வெறும் நாற்காலியைச் சுற்றிக் கத்தரியை ஓட்டுவார், தரையில் நரைமுடி விழும். ஜிவானின் மதுக்கடையில் ஒரு ரக்கியாச் சாராயக் கோப்பை தானாக எழும்பி, தானாகச் சாய்ந்து, காலியாகி இறங்கும். ஜிவான் துணியால் மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றி வைப்பான். கர்னல் பேசினால் குரல் கேட்கும். கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

இது ஆரம்பித்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஹேக்கில் இருக்கும் போர்க்குற்ற நீதிமன்றம் கர்னலைப் பிடித்து அனுப்பச் சொல்லி தலைநகர் பெல்கிரேடுக்கு ஆணை அனுப்பியது. பெல்கிரேடு அதை லிபோவாவின் போலீஸ் அதிகாரி மியோத்ராக்குக்குத் தள்ளிவிட்டது. மியோத்ராக் போய்க் கதவைத் தட்டினார். திறந்தது கர்னலேதான், கையில் பாதி கடித்த ஆப்பிளுடன். மியோத்ராக் அவர் முகத்துக்கு நேராகப் பார்த்து, "கர்னல் வீட்ல இல்ல போலிருக்கே" என்றார். "இல்லீங்களே" என்று கர்னல் சிரித்தார். அன்று சாயங்காலம் முகம் மழிக்கக் கண்ணாடி முன்னால் நின்றபோது, அதில் சோப்பு நுரை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி தெசாங்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நுரையைத்தான் அவளும் பார்த்தாள்.

முதல் வருடம் கர்னலுக்கு இது கொண்டாட்டமாக இருந்தது. முகமூடி போட்ட போலீஸ் படை தலைநகரிலிருந்து வரும், அலமாரியைக் கவிழ்க்கும், கிணற்றுக்குள் விளக்கடிக்கும், பன்றிக் கொட்டகையில் முட்டிக்கொள்ளும். அவர் சோபாவில் உட்கார்ந்து காபி குடிப்பார். கால் தடுக்கி விழுந்த ஒரு போலீஸ்காரர் அவர் முழங்காலிடமே மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அரசாங்கம் ஹேக்குக்கு ஒவ்வொரு முறையும் "மேற்படி நபர் எங்கள் நாட்டில் காணப்படவில்லை" என்று எழுதியது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஹேக்கிலிருந்து வந்த வழக்கறிஞர்கள் கோபத்தோடு விமானம் ஏறினார்கள், வெளிநாட்டுக் கடன்கள் நின்றன, அமைச்சர்கள் மாறினார்கள், மிளகாய் கிலோ நாற்பது தினாருக்குப் போனது. கர்னல் ஞாயிற்றுக்கிழமைகளில் த்ரினா ஆற்றில் தூண்டில் போட்டார்.

லிபோவாக்காரர்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. சந்தைத் திடலின் நடுவில் ஓரிடத்தை அவர்கள் வளைந்துதான் கடப்பார்கள். அங்கே குழியும் கிடையாது, கல்லும் கிடையாது. ஆனால் மிளகாய் விற்பவர்கள் அந்த இடத்தில் சாக்கு விரிக்க மாட்டார்கள், சைக்கிள்காரர்கள் அங்கே வந்ததும் ஹாண்டிலை ஒடிப்பார்கள். வெளியூர் போய்த் திரும்பி வந்தவர்கள்கூட ஒரு வாரத்தில் அந்த வளைவைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். ரட்மிலாவும் அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

ரட்மிலா லிபோவாவில் பிறந்தவள். போர் நடந்தபோது பெல்கிரேடில் போலீஸ் பயிற்சியில் இருந்தாள். பிறகு ஹேக் தேடும் ஆட்களைப் பிடிக்கும் பிரிவில் அவளைப் போட்டார்கள். வேலையில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. அவளுக்கு ஒரே ஒரு இக்கட்டு. கர்னல் வுகாஷின் அவளுடைய கூம்.

அந்தப் பக்கத்தில் கூம் என்பவர் ரத்த உறவுக்கும் ஒரு படி மேல். கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொல்பவர் அவர், பிறக்கும் குழந்தைக்குப் பெயர் வைப்பவரும் அவரே. இரண்டு குடும்பத்தாரும் ஒருவரையொருவர் கூம் என்றே கூப்பிடுவார்கள். ரட்மிலாவின் மகளுக்கு நேதா என்று பெயர் வைத்தது கர்னல்தான். கூமைக் காட்டிக்கொடுத்தவள் கையால் அந்த ஊரில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இது தெரிந்துதான், வழக்குக் கட்டு மேசைக்கு வந்தபோது அவளுடைய பிரிவுத் தலைவர், "வேணாம்னா சொல்லிடு, வேற யாருக்காவது மாத்தறேன்" என்றார். அவள் கட்டைப் பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில், போஸ்னியப் பக்கத்தில் இருக்கும் மெவ்லிதா என்கிற பெண் சொன்னது. அவள் கணவன் சஃபெத், அக்கரையிலிருந்து லிபோவாவுக்கு வந்துபோகும் பேருந்தின் ஓட்டுநர். போர் தொடங்கிய வசந்தத்தில் ஒரு காலை, பேருந்து நிறைய ஆட்களோடு பாலத்தைத் தாண்டினான். கர்னலின் ஆட்கள் நிறுத்தினார்கள். பேருந்தும் திரும்பவில்லை, அதில் போனவர்களும் திரும்பவில்லை.

"நானே பாக்கறேன்" என்றாள் ரட்மிலா.

"எதைப் பாப்ப? கண்ணுக்கே தெரியாத ஆளை விமானத்துல எப்படி ஏத்துவ? சீட் பெல்ட் யாருக்குப் போடறது?"

அவள் கட்டை எடுத்துக்கொண்டு லிபோவாவுக்கு வந்து, பாலத்தைத் தாண்டினாள். மெவ்லிதாவுக்கு அறுபது வயதிருக்கும். தலையில் பூப்போட்ட துணி, கையில் மாவு. வந்தவளின் சீருடையைப் பார்த்தும் அவள் காபி போட மறக்கவில்லை. ரட்மிலா கேள்விகளை எடுக்கும் முன்பே அவளைச் சமையலறை ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு அந்த இடத்தில் குறுகல். எதிர்க்கரையில் ஒரு தூண்டில் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது.

"தெரியுதா?"

"தூண்டில் தெரியுது."

"தூண்டில் தானாவா நிக்கும்? பிடிச்சிருக்கிற ஆளு தெரியலையா?"

ரட்மிலா கண்ணைக் கசக்கினாள். ஒரு கெண்டை மீன் தண்ணீரிலிருந்து எழும்பி, துடித்து, காற்றிலேயே நகர்ந்து ஒரு கூடைக்குள் விழுந்தது.

"ஏம்மா, உங்க ஊர்ல கண் டாக்டரே கிடையாதா?" என்றாள் மெவ்லிதா. "பழுப்புக் கோட்டு போட்டிருக்காரு. மூணாவது பொத்தான் இல்ல. இந்தத் தெருவுல எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் பாத்திரம் தேய்க்கறப்ப அவரு மீன் பிடிக்கறாரு."

"போலீஸ்ல சொல்லலையா?"

"பாலத்து மேல நிக்கிற உங்க ஆளுகிட்ட சொல்லாமலா? உக்கார வச்சு, தண்ணி குடுத்து, உடம்பைப் பாத்துக்கோங்கம்மான்னு அனுப்பிடுவாரு. தங்கமான பையன்." அவள் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டாள். "இதோ பாரு பொண்ணே. ஹேக்குல அவருக்கு எத்தனை வருஷம் போடறாங்கன்னு நான் கேக்கப்போறதில்ல. அந்த பஸ் எங்கன்னு அவரு வாயால சொல்லணும். அவ்வளவு பெரிய பஸ்ஸு. அது எங்க போயிருக்கும்?"

பாலத்தைத் திரும்பக் கடந்தபோது ரட்மிலாவுக்கு ஒன்று புரிந்தது. அக்கரையில் எல்லோருக்கும் தெரிகிற ஆள் இக்கரையில் யாருக்கும் தெரியவில்லை என்றால், கோளாறு ஆளிடம் இல்லை. தனக்கும் அவர் தெரியவில்லை. கல்யாணத்தன்று மூன்று முறை கன்னத்தில் முத்தமிட்ட முகம் அது. தெரிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று அவளுடைய கண்ணுக்கு அவளைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

கர்னலுடைய குலப் புனிதர், நிக்கோலஸ். டிசம்பர் மாதத்தில் அவருடைய நாள் வரும். அன்று வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டி வெட்டி, நோன்புக் காலம் என்பதால் மீனும் பீன்ஸும் சமைத்து விருந்து வைப்பார்கள். இந்த விருந்துக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது, நினைவிருக்கிறவர்கள் வருவார்கள். அதனாலேயே வந்த யாரையும் திருப்பி அனுப்புகிற வழக்கமும் கிடையாது. இன்னொன்று, வீட்டுக்காரர் அன்று உட்காரக் கூடாது. கடைசி விருந்தாளி எழுந்து போகிறவரை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நின்றே உபசரிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் கர்னல் இதை விட்டதில்லை. எட்டு வருடமாக லிபோவாவே அந்த வீட்டுக்கு வந்து, தெசாங்காவுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லி, அவர் பிடித்த மீனைத் தின்று, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தைப் பார்க்காமல் எழுந்து போனது. அந்த வீட்டில் பூட்டு, காவல் நாய், பரண் எல்லாம் யோசித்து வைத்திருந்தார்கள். விருந்து நாளை மட்டும் யாரும் யோசிக்கவில்லை, அது யோசிக்கிற விஷயமே இல்லை என்பதால்.

அந்த டிசம்பரில் நல்ல பனி. மதியம், மேசையைச் சுற்றி ஆள் நிரம்பியிருந்த நேரத்தில், ரட்மிலா உள்ளே வந்தாள். பின்னாலேயே மெவ்லிதா, காலணியில் பனியைத் தட்டிக்கொண்டு. மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது.

போலீஸ் அதிகாரி மியோத்ராக் வாயைத் துடைத்தார். "விருந்துக்கு வந்திருக்கியா ரட்மிலா, வேலையா வந்திருக்கியா?"

"விருந்துக்குத்தான் சித்தப்பா. வேலை வெளிய கார்ல உக்காந்திருக்கு."

தெசாங்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிரே நின்ற தலைத்துணிக்காரி யாரென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், வழக்கப்படி வால்நட் போட்டு வேகவைத்த கோதுமைத் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து நீட்டினாள். மெவ்லிதா கரண்டியை எடுத்துக்கொண்டு கேட்டாள், "இது யாருக்காக வேகவச்சது?"

"புனிதருக்கு. அப்புறம் செத்துப்போனவங்களுக்கு."

"அப்ப எனக்கும் இதுல பங்கிருக்கு." ஒரு வாய் தின்றாள். நன்றாக மென்றாள். பிறகு மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்துக்கு நேராகத் திரும்பினாள். "வணக்கம் வீட்டுக்காரரே. கோட்டுக்குப் பொத்தான் இன்னும் தைக்கலையா?"

முதலில் வந்தது கோட்டுதான். மூன்றாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் நூல் தொங்கியது. தெசாங்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்திருந்தால் என்றைக்கோ தைத்திருப்பாள். "வலது கையில கட்டை விரல்ல தூண்டில் முள்ளு கிழிச்ச தழும்பு" என்றாள் மெவ்லிதா, கை வந்தது, அந்தரத்தில் நின்ற வைன் கோப்பையைப் பிடித்தபடி. "இடது காது மடல் கொஞ்சம் மடங்கியிருக்கும்." காது வந்தது. கழுத்து வந்தது, கால்கள் வந்தன, காலில் கம்பளிக் காலுறை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சம் ஊடுருவிச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. ஜிவான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"முகத்தை நான் சொல்லமாட்டேன்" என்றாள் மெவ்லிதா. "என்னால முடியாதுன்னு இல்ல. ஆனா இவரு உங்க ஆளு. உங்கள்ல ஒருத்தர் சொல்லுங்க."

மியோத்ராக் தட்டில் இருந்த மீன்முள்ளை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ரட்மிலா எழுந்தாள். மகளுக்கு நேதா என்று பெயர் சொன்ன வாயில் ஆரம்பித்தாள். உதடு மெல்லியது, சிரித்தால் ஒரு பக்கம் ஏறும் என்றாள். மூக்கு, பனியில் சிவக்கும் மூக்கு. கடைசியில் கண்கள். "சாம்பல் நிறம்" என்றாள். "என் கல்யாணத்துல எனக்கு முன்னாடி இவர்தான் அழுதார். அந்தக் கண்ணு." பிறகு, "வாழ்த்துக்கள் கூமே" என்றாள்.

அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். கிழவனாகியிருந்தார். எதிரே இருந்த கண்ணாடி அலமாரியில் தன்னைப் பார்த்துவிட்டு அவர் முதலில் சொன்னது, "இவ்வளவா நரைச்சுப் போச்சு?" என்பதுதான்.

ரட்மிலா விலங்கை எடுக்கவில்லை. "விருந்தாளியா உள்ள வந்தேன். விருந்து நடக்கறப்ப வீட்டுக்காரர் மேல கை வைக்க மாட்டேன். கடைசி ஆள் எழுந்ததும் கிளம்பலாம்."

"அப்ப நாங்க எழுந்தாத்தானே?" என்றார் மியோத்ராக், கோப்பையை நீட்டி.

லிபோவா எழவில்லை. அந்த விருந்து மறுநாளும் நடந்தது, அதற்கு மறுநாளும் நடந்தது. மெழுகுவர்த்தி ஒரு நகம் அளவுகூட உருகவில்லை, தட்டில் கெண்டை மீன் குறையவில்லை. ஆட்கள் நாற்காலியிலேயே தூங்கி, விழித்து, வாழ்த்துச் சொல்லி மறுபடி குடித்தார்கள். பசுக்கள் கொட்டகையில் கத்தின. ரொட்டிக் கடை திறக்கவில்லை, பள்ளிக்கூடம் திறக்கவில்லை. வெளியே காரில் இருந்த இரண்டு போலீஸ்காரர்களுக்கும் தெசாங்கா பீன்ஸ் கொடுத்தனுப்பினாள். ரட்மிலா ஒரு மூலையிலும் மெவ்லிதா ஒரு மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். மெவ்லிதா பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்து ஒரு காலுறையை முடித்து, அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள். இதையெல்லாம் ஊர் அவருக்காகத்தான் செய்தது. ஆனால் விருந்தாளி உட்கார்ந்திருக்கும்வரை வீட்டுக்காரர் நின்றாக வேண்டும் என்பதை அந்தப் பாசத்தில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கர்னலின் கணுக்கால் வீங்கியது. சுவரில் சாய்ந்தார், தெசாங்கா வெடுக்கென்று பார்த்ததும் நிமிர்ந்துகொண்டார். கடைசியில் ஜிவான் நூறாவது தடவையாகக் கோப்பையைத் தூக்கி, "கர்னலுக்காக" என்று ஆரம்பித்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"எழுந்து போங்கடா. காப்பாத்தறேன் காப்பாத்தறேன்னு கால உடைக்கறீங்களே. எட்டு வருஷமா என் மூஞ்சியைப் பாக்காம என் மீனைத் தின்னீங்க. இப்ப நான் நிக்கறதையும் பாக்க மாட்டேங்கறீங்க."

அவர்கள் எழுந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தொப்பி தேடினார்கள். மியோத்ராக்தான் கடைசி, குனிந்த தலையோடு படியிறங்கினார். கர்னல் வழக்கப்படி வைன் துளிகளை விட்டு மெழுகுவர்த்தியை அணைத்தார். விருந்தாளிகளில் மிச்சம் இரண்டு பெண்கள். அவர்களைப் படலை வரை கொண்டுபோய் விடுவது வீட்டுக்காரர் கடமை. நொண்டிக்கொண்டே வந்தார். படலையில் மெவ்லிதா நின்றாள்.

"பஸ் எங்க?"

கர்னல் படலையைப் பிடித்துக்கொண்டு வீங்கிய காலை மாற்றி வைத்தார். ரட்மிலா அவர் கையைத் தொடவில்லை, விலங்கையும் நீட்டவில்லை, காத்திருந்தாள்.

"எங்கயும் போகல" என்றார். "நான் நிறுத்தச் சொன்ன இடத்துலதான் நிக்குது." சந்தைத் திடலைக் கைகாட்டினார்.

அது அங்கேதான் நின்றது. நீல நிறம், கூரையில் முழங்கால் பனி, சக்கரங்கள் அழுகித் தரையோடு உட்கார்ந்துவிட்டன, ஒரு காட்டுப் பிளம் மரம் அதன் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே கிளை விட்டிருந்தது. ஊர் அதைச் சுற்றி வளைந்து போன தடம் பனியில்கூடத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் முதல் முறையாக நேராக நடந்த ஜிவான், முன் பம்பரில் முழங்காலை இடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். மெவ்லிதா பயணிகள் கதவு வழியாக ஏறவில்லை, ஓட்டுநர் கதவுக்குப் போனாள். ஸ்டியரிங்கில் சஃபெத்தின் தொப்பி மாட்டியிருந்தது. அவள் அவனுடைய இருக்கையில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள். அதைக் கர்னல் பார்க்கும்வரை ரட்மிலா காரைக் கிளப்ப விடவில்லை. பிறகு விலங்கைப் பூட்டினாள். அவர் கையை நீட்டிக் கொடுத்தார்.

பெல்கிரேடு நீதிபதி ஒப்புதல் கொடுத்தார், கர்னல் விமானம் ஏறினார், சீட் பெல்ட் போடுவதில் சிரமம் இருக்கவில்லை. ஹேக்கில் நீதிபதிகள் முன்னால், பேருந்தில் வந்தவர்களை எங்கே புதைத்தார் என்று கர்னலே சொன்னார். தோண்டினார்கள், சொன்ன இடத்தில் இருந்தார்கள். இருபத்திரண்டு வருடத் தண்டனை. அரசாங்கம் ஹேக்குக்கு எழுதிய கடிதத்தில் இந்த முறை "கண்டுபிடிக்கப்பட்டார்" என்று இருந்தது. எப்படி என்று அதில் இல்லை. ரட்மிலாவுக்குப் பதக்கம் தரலாமா என்று யோசித்து, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வருடம் லிபோவாவில் ரட்மிலா தெரியாமல் போனாள். ஜிவான் அவளுடைய முழங்கைக்கு ஊடாக மேசையைத் துடைத்தான். ரொட்டிக் கடையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு முதலில் ரொட்டி கிடைத்தது. கண்ணாடியில் தோள்வரைதான் தெரிந்தாள். இப்படி ஆகும் என்று தெரிந்துதான் அந்த வழக்குக் கட்டைப் பிரித்தாள் என்பதால், புலம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரம் நடக்கும்போது எதிர்க்கரைச் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு மாவுக்கை அசையும். அது போதுமாக இருந்தது.

அடுத்த டிசம்பரில் நிக்கோலஸ் நாள் வந்தது. வீட்டுக்காரர் இல்லாததால் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் தெசாங்கா நின்றாள். யாரும் அழைக்காமல் ரட்மிலா உள்ளே வந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசையில் இருந்தவர்கள் அவளை ஊடுருவி ஜன்னலைப் பார்த்தார்கள். தெசாங்காவும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு, காற்றிடம் சொல்வதுபோல, "கோட்டுக்குப் பொத்தான் தைச்சு ஜெயிலுக்கு அனுப்பிட்டேன்" என்றாள். "போட்டுப் பாத்தாராம். சரியா இருக்காம்." பிறகு கோதுமைத் தட்டை எடுத்து வந்தாள், இரண்டு கரண்டிகளோடு. ஒன்றை ரட்மிலாவின் முன்னால் வைத்தாள்.

"இன்னொண்ணு யாருக்கு?" என்று ஜிவான் கேட்டான்.

"அக்கரையிலிருந்து அந்தம்மா வரும். பஸ்ஸுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்னு சொல்லியனுப்பிச்சிருக்கு." தெசாங்கா திரும்பி, ரட்மிலாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "காபிக்குச் சர்க்கரை ஒண்ணா ரெண்டா, சொல்லு கூமே."

"ஒண்ணு" என்றாள் ரட்மிலா.

பேருந்து இன்னும் திடலில்தான் நிற்கிறது. பிளம் மரம் வருடா வருடம் காய்க்கிறது. சனிக்கிழமைகளில் அதன் நிழலில் மிளகாய்ச் சாக்கு விரிக்கிறார்கள்; இந்த வருடம் கிலோ நூற்றிருபது தினார்.